பத்தாம் வகுப்பு வரை ஒரே ஆட்டத்தில் கட்டிப் போடாதீர்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், உடற்கல்வி இயக்குநர்களுக்கும், தலைமை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் காரிமங்கலம் பக்கத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் உங்கள் பள்ளிப் பிள்ளைகள்தான். விடிகாலையில் எங்கள் கிரவுண்டில் ஓடிவிட்டு, குளித்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு உங்கள் பள்ளியில் பிரேயருக்கு நிற்கிறவர்கள். அதனால் இதை வெளியாள் எழுதும் புகார்க் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே பிள்ளைகளை நீங்களும் வளர்க்கிறீர்கள், நானும் வளர்க்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் இந்த ஆட்டத்துக்கு மட்டும்தான் என்று எழுதி வைத்துவிடாதீர்கள். கபடி ஆடுகிறவள் கால்பந்தும் ஆடட்டும். உயரம் தாண்டுகிறவள் கோல் போஸ்ட்டிலும் நிற்கட்டும். அதற்கு இடம் இருக்கிற மாதிரி அடுத்த ஆண்டுப் போட்டி அட்டவணையைப் போடுங்கள். அவ்வளவுதான் என் கோரிக்கை. மற்றதெல்லாம் அதற்கான காரணங்கள்.

போன பருவத்தில் நடந்தது இது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. அப்பா, அம்மா இரண்டு பேரும் பெங்களூருவில் கட்டட வேலை. பாட்டி வீட்டில் இருந்து படிக்கிறாள். பள்ளியில் கபடி அணிக்கு இடது ஓரத்தில் நின்று பிடிக்கிற லெஃப்ட் கார்னர், கால்பந்து அணிக்கு பின்வரிசையில் நடு டிஃபெண்டர். பக்கத்துப் பள்ளிகள் முதலில் மோதிக்கொள்கிற குறுவட்டப் போட்டியில் இரண்டு ஆட்டமும் ஒரே நாளில் வந்தது, அதுவும் வேறு வேறு ஊரில். "ரெண்டுல ஒண்ணு சொல்லு, கால்பந்துக்குப் போனா இனிமேல் கபடி லிஸ்ட்ல உன் பேர் இருக்காது" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அவள் கபடி என்றாள். முதல் சுற்றிலேயே அணி தோற்றது. தோற்றால் வெளியே என்கிற முறை. அந்த ஆண்டு முழுவதும் அவள் ஆடிய போட்டி ஆட்டம் அந்த அரை மணி நேரம்தான்.

எந்தப் பள்ளி என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. பள்ளிக்கே ஒரு உடற்கல்வி ஆசிரியர். அவரே கபடிக்கும் போக வேண்டும், கால்பந்துக்கும் போக வேண்டும், நடுவில் பாடவேளையும் பார்க்க வேண்டும். ஒரு ஆள் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் நிற்க முடியாது. ஆனால் அந்தச் சிக்கலின் விலையைப் பிள்ளை கொடுக்கிறாளே, அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

உங்களில் பலர் நினைப்பது எனக்குத் தெரியும். பல ஆட்டம் ஆடுகிறவன் எதிலும் உருப்பட மாட்டான், ஒன்றைப் பிடித்து ஆழமாகப் போனால்தான் மேலே வர முடியும் என்று. வீட்டிலும் இதைத்தான் சொல்கிறார்கள். நான் ஒரு கால்பந்துக்காரி. அதனால் கால்பந்திலிருந்தே ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள், கேட்பார்கள்.

கொல்கத்தாவில் பலாய்தாஸ் சாட்டர்ஜி என்று ஒருவர் இருந்தார். 1920-களில் மோகன் பகான் கழகத்துக்கு ஆடியவர். கால்பந்து மட்டும் இல்லை. ஹாக்கி, கிரிக்கெட், தடகளம் என்று கைக்கும் காலுக்கும் எது வந்ததோ அதிலெல்லாம் இறங்கினவர். அந்தக் காலத்துக் கழகங்களில் அது சாதாரணம். மழைக்காலத்தில் பந்து, குளிர்காலத்தில் மட்டை. ஆடி முடித்தபிறகு அவர் கால்பந்துப் பயிற்சியாளர் ஆனார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணியைக் கூட்டிக்கொண்டு போனது அவர்தான். நாகா மலைகளிலிருந்து வந்த டாக்டர் டாலிமெரென் ஆவ் கேப்டன். ஜூலை 31-ஆம் தேதி பிரான்ஸுடன் ஆட்டம். நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். இரண்டு பெனால்டி கிடைத்து இரண்டும் போயின. கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் அடித்த கோலால் 1-2 என்று தோற்றோம். நம் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன், பெங்களூரு ஆள். ஓசூர் பிள்ளைகள் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போகிற ஊர். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அந்த ஊர்க்காரர் காலிலிருந்து வந்தது என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தப் பலாய்தாஸின் கையில், 1946-ல், எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். பெயர் சுனி கோஸ்வாமி. மோகன் பகான் சிறுவர் அணியில் எட்டு ஆண்டுகள் பலாய்தாஸும் பாகா சோமும் அவனை வளர்த்தார்கள். 1954-ல் பெரியவர்கள் அணிக்கு வந்தான். அதன்பிறகு நடந்தது இந்தியக் கால்பந்தின் சரித்திரம். 1960 ரோம் ஒலிம்பிக். 1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. கேப்டன் சுனி கோஸ்வாமிக்கு அப்போது 24 வயது. அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்றோம், அதில் இரண்டு கோல் அவருடையது. இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம். 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம். இதுவரைக்கும் பலருக்குத் தெரியும்.

அதே 1962-63 பருவத்தில் அவர் வங்காள அணிக்காக ரஞ்சிக் கோப்பை கிரிக்கெட்டும் ஆட ஆரம்பித்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. 1966 டிசம்பரில் இந்தோரில் சோபர்ஸ் தலைமையில் வந்த மேற்கிந்தியத் தீவுகள் அணியை மத்திய, கிழக்கு மண்டலக் கூட்டணி இன்னிங்ஸ் வித்தியாசத்தில் தோற்கடித்தது. அந்த ஆட்டத்தில் சுனி கோஸ்வாமி எட்டு விக்கெட் எடுத்தார். 1968-69 ரஞ்சி இறுதி ஆட்டத்தில் பம்பாய்க்கு எதிராக 96 ரன்னும் 84 ரன்னும் அடித்தார். 1971-72-ல் வங்காளத்தை ரஞ்சி இறுதிவரை கூட்டிக்கொண்டு போன கேப்டனும் அவரே. நடுவில் டென்னிஸ், ஹாக்கி வேறு. பிறகு ஜாம்ஷெட்பூரில் டாடா கால்பந்து அகாடமி தொடங்கியபோது அதற்கு இயக்குநராகி, அடுத்த தலைமுறைப் பையன்களை வளர்த்தார்.

பல ஆட்டம் ஆடிய ஒருவர் பயிற்சியாளராகி வளர்த்த பையன், தானும் பல ஆட்டம் ஆடி, இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்து, பிறகு தானும் பிள்ளைகளை வளர்க்கப் போனார். இந்தத் தொடர் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பலாய்தாஸ் அந்தப் பையனிடம் "கிரிக்கெட் மட்டையைக் கீழே போடு" என்று சொல்லியிருந்தால் கோஸ்வாமி கால்பந்தில் இன்னும் மேலே போயிருப்பாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய காலுக்கும் கண்ணுக்கும் அந்த வேகமும் நிதானமும் எல்லா ஆட்டத்திலிருந்தும்தான் வந்தன.

இன்றைக்குள்ள பிள்ளைகளுக்கு 1962 ரொம்பத் தூரம் என்றால், அவர்கள் போன் திரையில் படம் வைத்திருக்கிற கால்பந்து வீரர் எர்லிங் ஹாலண்டைச் சொல்லுங்கள். நார்வேயில் சின்ன வயதில் ஹேண்ட்பாலும் தடகளமும் ஆடி வளர்ந்தவர். அம்மாவே ஹெப்டத்லான் வீராங்கனை. ஏழு போட்டிகள் சேர்ந்தது அது.

கொல்கத்தாவில் இது நடந்ததற்கு ஒரு எளிய காரணம் உண்டு. காலண்டர். அந்தக் காலத்தில் கால்பந்து லீக் மே மாதம் தொடங்கி மழையோடு ஓடும். கிரிக்கெட் குளிரில். ஒருவன் இரண்டும் ஆட நினைத்தால் நாட்கள் குறுக்கே நிற்காது. நம்மிடம் ஜூனில் பள்ளி திறக்கிறோம். ஜூலை, ஆகஸ்டில் குறுவட்டப் போட்டிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. கபடி, கோ-கோ, கைப்பந்து, கால்பந்து, எறிபந்து, தடகளம் எல்லாமே. முதல் சுற்றில் தோற்ற பிள்ளைக்கு அப்புறம் அடுத்த ஜூன் வரை ஒன்றும் இல்லை. செப்டம்பர் முதல் மார்ச் வரை கிரவுண்டு சும்மாக் கிடக்கிறது. நம் பக்கத்தில் விளையாட ஏற்ற மாதங்களே அவைதான்; ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் காலையில் குளிர் எலும்பைத் துளைக்கும், ஆனால் ஓடினால் அதைவிடச் சுகம் இல்லை. மாநில அளவு அட்டவணையை நாம் மாற்ற முடியாது என்பது தெரியும். குறுவட்டத்துக்குள் எந்த ஆட்டம் எந்த நாள், எந்த ஊர் என்று முடிவு செய்கிறவர்கள் நீங்கள்தானே. கபடிக்கும் கால்பந்துக்கும் நடுவில் மூன்று நாள் இடைவெளி விட்டால் அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இரண்டும் ஆடியிருப்பாள்.

இன்னொரு விஷயம். ஒரு ஆட்டத்தில் கற்றது இன்னொரு ஆட்டத்துக்கு எப்படிப் போகிறது என்பதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொன்னால்தான் நான் சொல்வது வெறும் ஆசை இல்லை என்று புரியும்.

கால்பந்தில் டிஃபெண்டருக்குக் கற்றுத் தருவதிலேயே கடினமானது பொறுமை. எதிராளி பந்தோடு வருகிறாள். அவசரப்பட்டுக் காலை விட்டால் அவள் உருட்டிக்கொண்டு போய்விடுவாள். பக்கவாட்டில் உடம்பைத் திருப்பி, முழங்காலை மடித்து, சின்னச் சின்ன அடி வைத்துப் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அவள் பந்தைக் காலிலிருந்து ஒரு அடி தள்ளி விடுகிற அந்த நொடியில்தான் கால் வைக்க வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைக்கு இது வர மாதக்கணக்காகும். கபடியில் கார்னர் ஆடிய பிள்ளைக்கு முதல் நாளே இருக்கிறது. ரைடர் உள்ளே வரும்போது கார்னர் என்ன செய்கிறாள்? முதல் கால் வந்ததும் பாய்கிறாளா? இல்லை. அவள் போனஸ் கோட்டுக்குப் பாதத்தை நீட்டுகிறவரை, எடை ஒரு காலுக்கு மாறுகிறவரை காத்திருந்துதான் கணுக்காலைப் பிடிக்கிறாள். நான் அந்தப் பிள்ளையிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "இங்கே கையால் பிடிக்கக் கூடாதும்மா, மற்றதெல்லாம் அதே." புரிந்துகொண்டாள்.

கோ-கோ ஆடிய பிள்ளைகளின் திரும்பும் வேகத்தை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. கம்பத்தைச் சுற்றி இடுப்பைத் தாழ்த்தித் திரும்பிப் பழகியவர்களுக்கு, விங்கில் ஓடிப்போய் சட்டென்று உள்ளே வெட்டுவது தானாக வருகிறது. ஹேண்ட்பால் கீப்பராக நின்ற பிள்ளை கால்பந்துக் கோலில் நின்றால், ஒற்றைக்கு ஒற்றையாக எதிராளி வரும்போது பின்வாங்க மாட்டாள்; கை, கால் எல்லாவற்றையும் விரித்து முன்னே வந்து கோணத்தை அடைப்பாள். பிறகு உயரம் தாண்டுதல். கார்னர் கிக்கில் தலையால் முட்டுகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் நின்ற இடத்திலிருந்து எழும்புவார்கள். தாண்டிப் பழகியவள் நாலு அடி பின்னால் போய், வளைந்து ஓடி வந்து, கடைசிக்கு முந்தைய அடியில் உடம்பைத் தாழ்த்தி, ஒற்றைக் காலில் எழும்புகிறாள். பந்தும் தலையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, உங்கள் மணல் குழி சொல்லிக் கொடுத்தது.

பள்ளியில் யாரும் கற்றுத் தராத ஆட்டங்களும் கணக்கில் வரும். கிளித்தட்டு ஆடி வளர்ந்த பிள்ளைக்குக் கோடு காப்பது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதே இல்லை. சித்தேரியிலிருந்தும் அஞ்செட்டி பக்கத்துக் காட்டூர்களிலிருந்தும் வருகிற பிள்ளைகள் மேட்டில் ஏறி இறங்கியே வளர்ந்தவர்கள். ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் மற்றவர்கள் இடுப்பில் கைவைத்து நிற்கும்போது அவர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

காயத்தையும் சொல்ல வேண்டும். வளர்கிற வயதில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிற பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே வலி வரும். நம் கிரவுண்டுகள் புல்தரை இல்லை. சரளையும் செம்மண்ணும், மழை பெய்து ஓய்ந்தால் நெருஞ்சி முள்ளும். பூட்ஸ் வாங்க முடியாத பிள்ளை ஆண்டு முழுவதும் அதே கடினத் தரையில் அதே ஆட்டத்தை ஆடினால் எலும்பு தாங்காது. பருவத்துக்குப் பருவம் ஆட்டம் மாறினால் உடம்பில் சுமை விழுகிற இடமும் மாறும். இதற்குப் பணச் செலவே கிடையாது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இவள் யார் இதையெல்லாம் சொல்ல என்று கேட்கலாம் இல்லையா. எங்கள் வீட்டில் கேழ்வரகும் தக்காளியும்தான் பயிர். பாலக்கோடு மண்டியில் தக்காளி விலை விழுந்த ஆண்டுகளில் பள்ளிக்கூடச் செருப்புகூட வாங்க மாட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் எனக்கு இருந்த உடற்கல்வி ஆசிரியை என்னை ஒன்றில் நிறுத்தவில்லை. ஆகஸ்டில் கபடி, அப்புறம் உயரம் தாண்டுதல், ஜனவரிக்கு மேல் பந்து. அவர் கால்பந்தே ஆடினவர் இல்லை. ஒரு பழைய பந்தை எடுத்துப் போட்டு "ஆடுங்கடி" என்று விசிலோடு நின்றார். கல்லூரியில் கபடி அணியில் ஆடினேன், மாவட்ட அளவில் தாண்டினேன். கால்பந்தில் பெரிய பெயர் எடுக்கவில்லை. ஆனால் பயிற்சியாளர் ஆக வேண்டும் என்று வந்தபோது, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பயிற்சியாளர்களுக்குத் தருகிற டி லைசென்ஸ் வகுப்பில் உட்கார்ந்தபோது, அவர்கள் சொன்ன எல்லாம் எனக்கு ஏற்கெனவே உடம்பில் தெரிந்ததாக இருந்தது. பெயர் மட்டும் புதிது. கால்பந்து மட்டுமே ஆடி வந்த சிலர், "இதை ஏன் செய்யணும்?" என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை.

பயிற்சியாளர் என்பவருக்குப் பல ஆட்டம் தெரிந்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. இந்த ஆட்டம் வராத பிள்ளையை அவர் விரட்டிவிட மாட்டார்; எது வரும் என்று தேடுவார். என்னிடம் வந்து பந்தே காலில் நிற்காத பிள்ளையைக் குண்டு எறிதலுக்கு அனுப்பியிருக்கிறேன். இன்று மாவட்டத்தில் நிற்கிறாள்.

இந்தியக் கால்பந்தின் பொற்காலத்தைச் செதுக்கிய சையது அப்துல் ரஹீம் ஐதராபாத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உடற்கல்வியில் பயிற்சி பெற்றவர். 1951-லும் 1962-லும் ஆசியத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், எல்லாம் அவர் பயிற்சியில். 1962-ல் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை, தலையில் காயத்தோடு இருந்தவரை, முன்வரிசைக்குத் தள்ளி ஆட வைத்தார். அவர் அரையிறுதியிலும் இறுதியிலும் கோல் அடித்தார். அந்த இறுதியில் கோல் போஸ்ட்டில் நின்ற பீட்டர் தங்கராஜ், மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வந்தபோது சென்டர் ஃபார்வர்டு; அப்புறம்தான் கீப்பர் ஆனார். பதின்மூன்று வயதில் "நீ இதுதான்" என்று முத்திரை குத்தியிருந்தால் அந்தத் தங்கம் இல்லை. ஒரு பள்ளி ஆசிரியருக்கு அந்தக் கண் இருந்தது. உங்களுக்கும் இருக்கிறது என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

பெற்றோர் பயத்தையும் தள்ளிவிட முடியாது. சர்டிஃபிகேட். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது; ஒரு ஆட்டத்தில் மேலே போனால்தானே அது கிடைக்கும், ஏன் பிள்ளையைச் சிதறடிக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் சொல்கிற பதில்: சிதறடிக்கச் சொல்லவில்லை, பதினாறு வயது வரைக்கும் காத்திருக்கச் சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். அதுவரை எது அவளுடைய ஆட்டம் என்று அவளுக்கே தெரியாது, நமக்கும் தெரியாது. எட்டாம் வகுப்பில் எல்லோரையும்விட உயரமாக இருப்பதால் கைப்பந்துக்கு எடுக்கப்பட்ட பிள்ளை, பத்தாம் வகுப்பில் மற்றவர்கள் வளர்ந்ததும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். வேறு ஆட்டம் எதுவும் கைவசம் இல்லாததால் அவள் விளையாட்டையே விட்டுவிடுகிறாள்.

பெண் பிள்ளை விளையாட்டை விட்டால் நம் மாவட்டங்களில் அடுத்து என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைத் திருமணம் நம்மை இன்னும் விடவில்லை. அப்பா, அம்மா வெளியூர் வேலையில் இருக்க, வயதுக்கு வந்த பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பயந்து கட்டிக் கொடுத்துவிடுகிற கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. பாட்டியிடம் போய், "இந்த வருஷம் கபடி முடிஞ்சுது, ஆனா ஜனவரியில் பந்து மேட்ச் இருக்கு, பிள்ளை கண்டிப்பா வரணும்" என்று ஒரு ஆசிரியர் சொன்னால் அந்த ஒரு பேச்சுக்கு எவ்வளவு பலம் என்று நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் இப்போது டவுன் பஸ்ஸில் காசில்லாமல் வர முடிகிறது. ஆண்டு முழுக்க வருவதற்கு ஒரு காரணத்தை நாம் கொடுக்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? நான் யோசித்தவற்றைச் சொல்கிறேன். உங்களுக்கு அனுபவம் அதிகம், திருத்துங்கள். குறுவட்ட அட்டவணை போடும்போது, பிள்ளைகள் அதிகம் பொதுவாக இருக்கிற ஆட்டங்களை ஒரே நாளில் வைக்க வேண்டாம். எந்தெந்தப் பிள்ளை இரண்டு அணியில் இருக்கிறாள் என்று பள்ளிகளிடம் முன்கூட்டியே ஒரு பட்டியல் வாங்கினால் போதும், இடிக்கிற இடம் தெரிந்துவிடும். தோற்றால் வெளியே என்பதைக் குறுவட்ட அளவில் மட்டுமாவது மாற்றி, ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது இரண்டு ஆட்டம் கிடைக்கச் செய்யலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பக்கத்துப் பள்ளிகள் நான்கு சேர்ந்து சனிக்கிழமைகளில் ஆடலாம். கோப்பை, மேடை, மாலை எதுவும் வேண்டாம், ஒரு பந்தும் ஒரு விசிலும் போதும். ஆகஸ்டில் கபடி ஆடிய அதே பிள்ளைகள் அப்போது வேறு ஆட்டம் ஆட வேண்டும் என்று மட்டும் ஒரு ஏற்பாடு. தலைமை ஆசிரியர்களிடம் தனியாக ஒன்று: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மதிப்பெண் பட்டியலைப் பற்றி மேலிடத்தில் உங்களிடம் எப்படிக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

அப்புறம் ஆள் பற்றாக்குறை. நம் இரண்டு மாவட்டங்களிலும் பல ஆட்டம் ஆடி, மாநில அளவு வரை போய், இன்று ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், ஊத்தங்கரையில் கடை வைத்திருக்கிறவர்கள், பென்னாகரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆவதற்கு முன்னால் ஒரே மாவட்ட அணியில் தோளோடு தோள் நின்று ஆடினவர்களும் அவர்களில் உண்டு. அவர்களை வாரம் ஒரு நாள் பள்ளிக்குக் கூப்பிடுங்கள். முறையான அனுமதி, விசாரணை எல்லாம் செய்துதான், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம் அனுப்பும்போது. ஒரு ஆசிரியர் இரண்டு ஊரில் நிற்க முடியாத நாளில், இரண்டாவது ஊரில் நிற்க அப்படி ஒருவர் இருப்பார். பலாய்தாஸ் மாதிரி ஆட்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் பிள்ளைகளை நாம்தான் கொடுக்கவில்லை.

அடுத்த குறுவட்ட அட்டவணைக் கூட்டம் எப்போது, எந்தப் பள்ளியில் என்று சொன்னால் நான் வருகிறேன். எங்களிடம் வருகிற பிள்ளைகளில் இரண்டு ஆட்டம் ஆடுகிறவர்கள் பட்டியலைப் பள்ளிவாரியாக எழுதிக் கொண்டு வருகிறேன். அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வருகிற ஜூனில் பத்தாம் வகுப்பு. இந்த முறை அவள் பெயர் இரண்டு லிஸ்ட்டிலும் இருக்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு கால்பந்துப் பயிற்சியாளர்
காரிமங்கலம் வட்டாரம், தருமபுரி மாவட்டம்